கலங்கி இரிக்கிற பியர் பழுதாப்போனதா? பொத்துவில் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி: "அண்ணன், நான் பொத்துவில்ல ஒரு கெஸ்ட்ஹவுஸ் பார்ல நிக்கிறன். இந்த சீசனுக்கு முதலாளி கொழும்பில இருந்து வெளிநாட்டு கிராஃப்ட் ஐபிஏ (ஹாப்ஸ் எண்ட பூவ அள்ளிப் போட்டு மணமாக் காய்ச்சுற பியர்) டின் எடுத்திரிக்கார். ஒரு வகை நல்ல தெளிவு, கிளாசுக்கு அங்கால விரல் தெரியும். மத்தது முழுக்கக் கலங்கல். நம்மட ஆக்கள் கலங்கினதப் பாத்து பழுதெண்டு திருப்பித் தாறாங்க, கடல் அலையில சேர்ஃப் பண்ண வாற வெள்ளக்காரப் பொடியனுகள் தெளிவானத பழைய ஸ்டைல் எண்டு ஒதுக்குறாங்க. எத நம்புற? அடுத்த ஓடருக்கு எத எடுக்கச் சொல்லுற?"

தம்பி, ரெண்டு பக்கத்தாரும் வாயில வைக்க முன்னமே தீர்ப்புச் சொல்லுறாங்க. கலங்கினதால மட்டும் ஒரு பியர் பழுதாகாது, தெளிஞ்சிரிக்கிறதால மட்டும் நல்லதாகவும் மாட்டாது. நீ பாக்க வேண்டியது வேற: காய்ச்சினவங்க அத கலங்கலாத்தான் டின்ல அடைச்சாங்களா, இல்ல தெளிவா அடைச்சது வாற வழியில கலங்கினதா?

பியருக்குக் கைப்பும் மணமும் தாற ஹாப்ஸ்ல பொலிபீனோல் எண்டு ஒரு சாமான் இரிக்கு, தேத்தண்ணிக்குத் துவர்ப்புத் தாறதும் அந்த இனம்தான். பார்லி, கோதுமை, ஓட்ஸ்ல இருந்து புரதம் வருது. இது ரெண்டும் ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு கண்ணுக்குத் தனியாத் தெரியாத துகளா மிதக்கும், அதுல வெளிச்சம் பட்டுச் சிதறுறதத்தான் நாம கலங்கல் எண்டு பாக்கிறம். நியூ இங்கிலாந்து ஸ்டைல் எண்டு சொல்லுற கலங்கல் ஐபிஏக்கு ஓட்ஸும் கோதுமையும் தாராளமாப் போடுவாங்க, ஹாப்ஸ கொதிக்கிற நேரத்துல குறைச்சு, நெருப்ப நிப்பாட்டினாப் பிறகும் மறுகா புளிக்கிற டாங்கியிலயும்தான் அள்ளிக் கொட்டுவாங்க, ஈஸ்டும் சிலவேளை சுருக்கா அடியில படியாத வகையாப் பாத்து எடுப்பாங்க. இதெல்லாம் சேர்ந்துதான் கைப்பு குறைஞ்சு, வாயில மெத்தெண்டு இரிந்து, மாம்பழம் கொடித்தோடை தோடம்பழம் எண்டு மணம் தூக்குது. கலங்கல் அந்த வேலையோட கூட வாற ஒண்டு, ருசிய உண்டாக்கினது அது இல்ல. கலங்கல் தெரியணும் எண்டதுக்காகவே கோதுமை மாவக் கொட்டிப் பாத்த ஆக்களும் இரிக்காங்க, எனக்கு அது பிடிக்காது, கண்ணுக்காகச் செய்ற வேலை.

இந்தத் தெளிவு மோகம் எங்க இருந்து வந்ததெண்டா, 1842ல பொஹீமியாவில பில்சன் நகரத்துல ஜோசப் குரோல் எண்டவர் பொன்னிறத்துல தெளிஞ்ச லாகர் வகை பியர் ஒண்டு காய்ச்சினார், உலகம் முழுக்க அது பரவினதுல பியர் எண்டாலே தெளிவு எண்டு எல்லார்ட மண்டையிலயும் பதிஞ்சிற்று, நம்ம ஊர்ல விக்கிற லாகரும் அந்தப் பரம்பரைதான். ஆனா உன்ட பார்ல ஜெர்மன்காரன் யாரும் இரிந்தாக் கேட்டுப் பார், பவேரியாவில கோதுமை பியர ஈஸ்டோட கலங்கலாவே குடிப்பாங்க, அதையே வடிச்சு தெளிவாவும் விப்பாங்க, ரெண்டையும் யாரும் பழுதெண்டு சொல்லுறல்ல. கலங்கல் ஐபிஏட பேர் பரவினது அமெரிக்காவில வெர்மான்ட் மாநிலத்துல. வாட்டர்பெரி எண்ட சின்ன ஊர்ல தி அல்கெமிஸ்ட் பப்ல 2004ல ஹெடி டாப்பர் எண்டு ஒண்டு காய்ச்சினாங்க, 2011ல டின்ல அடைச்சாங்க, டின்னோடயே குடிக்கச் சொல்லி அதுலயே அச்சடிச்சும் இரிக்கு. 2018ல அமெரிக்கக் கிராஃப்ட் பியர்காரங்கட சங்கம் தன்ட பியர் வகைப் பட்டியல்ல கலங்கல் வகைகளுக்குத் தனிப் பிரிவே ஒதுக்கிற்று. அப்ப, கலங்கல் இரிக்கணும் எண்டு எழுதியே வெச்சிரிக்கிற பியர நம்மட ஆள் பழுதெண்டு திருப்பித் தாறார்.

மற்றப் பக்கத்துக்கு வருவம். தெளிவான ஐபிஏல மணம் குறைவெண்டு அந்தப் பொடியனுகள் நினைக்கிறது சரியான பிழை. கலிபோர்னியாவில சியரா நெவாடாக்காரங்க 1980ல பேல் ஏல் எண்ட ஹாப்ஸ் மணக்கிற பியர் காய்ச்சத் தொடங்கினதுல இருந்து மேற்குக் கரைப் பக்கம் வளந்த வகை அது, பைன் மரப் பிசின் மணம், கிரேப்ஃப்ரூட் மணம், நாக்கக் கழுவி விடுற மாதிரிக் கைப்பு. குளிர்ல வெச்சு மண்டிய அடியில இறக்கித் தெளிய விட்டாலும், சுத்துற மெஷின்ல போட்டு மண்டியப் பிரிச்சாலும், மணம் பெரிசாப் போகாது. மிச்சம் கடுமையா ஃபில்டர் பண்ணினாத்தான் ஹாப்ஸ் எண்ணெயில கொஞ்சம் சேர்ந்து போகும்.

இனி உன்ட கையில இரிக்கிற டின்னப் பாப்பம். தெளிவான பியர ஐஸ்ல புதைச்சு வெச்சு ஊத்தினா பனிமூட்டம் மாதிரி லேசா மங்கும், அது குளிர்க் கலங்கல், புரதமும் பொலிபீனோலும் குளிர்ல ஒட்டிக்கொள்ளுறதால வாறது. கிளாஸ மேசையில வெச்சிற்று வேற வேலையப் பார், சூடு ஏற ஏற தெளிஞ்சிரும். தெளிஞ்சா ஒரு குத்தமும் இல்ல. சூடு ஏறியும் தெளியல்ல, மூக்குல புளிப்பு மணமும் அடிக்குது, டின்னத் திறந்தோடன நுரை பொங்கி வழியுது எண்டா கிருமியோ காட்டு ஈஸ்டோ உள்ள போயிரிக்கு, கொட்டிரு. டின் வீங்கி இரிந்தாத் திறக்கவே வேணாம்.

கலங்கல் வகையில பாக்கிறது வேற மாதிரி. கலங்கல் எல்லா இடமும் ஒரே சீரா இரிக்கணும். சின்னச் சின்னச் செதிலாப் பிரிஞ்சு மிதந்தா பெரும்பாலும் பழசு இல்லாட்டி சூட்டுல கிடந்தது. கடைசி வாய்ல பச்சைத் தூள் மாதிரி வந்து தொண்டை எரிஞ்சா ஹாப்ஸ் துகள் படியாமலே அடைச்சிரிக்காங்க, உடம்புக்கு ஒண்டும் செய்யாது, ஆனா ஒழுங்கான வேலை இல்ல. எல்லாத்தையும் விட முக்கியம் நிறம். ஊத்தின கிளாஸ வெள்ளைக் கடதாசிக்கு முன்னால பிடி. வெளிர் மஞ்சளா இரிக்க வேண்டிய பியர் சாம்பலும் பழுப்பும் கலந்து கிடக்கா? அது ஒட்சிசன் பட்டது. மணந்து பார், பழ மணம் செத்து, நனைஞ்ச கார்ட்போர்ட் மணமோ பழைய தேன் மணமோ வரும். கண்ணால ஒரு ஹாப்ஸ் பியர நிதானிக்க ஏலும் எண்டா நான் நம்புறது இந்த ஒண்டத்தான்.

நம்மட ஆக்களுக்கு இத விளங்கப்படுத்த கள்ளே போதும். காலையில மரத்தால இறக்கின கள்ளும் வெள்ளை, பின்னேரம் புளிச்சுக் கிடக்கிற கள்ளும் வெள்ளைதான், நிறத்தப் பாத்து யாரும் வாங்குறல்ல, எப்ப இறக்கினது எண்டுதான் கேப்பாங்க. அதே கேள்விய டின்னிட்டக் கேள், அடியில திகதி அடிச்சிரிக்கும்.

திகதிதான் உன்ட ஓடருக்கும் பதில். கலங்கல் ஐபிஏல ஹாப்ஸும் புரதமும் கூட, கைப்புக் குறைவு, ஒட்சிசன் கொஞ்சம் உள்ள போனாலும் சுருக்கா நிறம் மாறி மணம் சாகும். தெளிவான வகை அத விட நிண்டு பிடிக்கும், அதுட மணமும் குறையும்தான், ஆனா கைப்பு தாங்கிப் பிடிக்கும். வெப்பம் 10 பாகை கூடினா இந்தப் பழுதாகிற வேகம் ரெண்டு மூணு மடங்கு ஏறும் எண்டு வெச்சுக்கொள். கொழும்பில இருந்து பொத்துவிலுக்கு லொறி ஏழெட்டு மணித்தியாலம் வெயில்ல வருது, வந்து உங்கட ஸ்டோர் ரூம்ல தகரத்துக்குக் கீழ கிடக்குது, அங்க ஃபேனும் இரிக்காது. அதனால முதலாளிட்ட இப்பிடிச் சொல்லு: பெரும்பகுதி தெளிவான வகை எடுப்பம், கலங்கல் வகை ரெண்டு கிழமைக்குள்ள முடியிற அளவுக்கு மட்டும் எடுப்பம், அதுவும் குளிர்பெட்டியில வருமெண்டா மட்டும். வந்தோடன நேரா ஃப்ரிட்ஜுக்குள்ள, 4 பாகையளவுல, இடம் போதாட்டி சோடாவ வெளிய வை. கடற்கரை மேசைக்குக் குடுக்கக்குள்ள நிழலாப் பாத்துக் குடு, வெயில் பட்ட ஹாப்ஸ் பியர் சில நிமிசத்துலயே நாறத் தொடங்கும், கிளாஸ்ல ஊத்தினா டின்ட காவலும் இல்ல.

திருப்பித் தாற ஆள்கிட்ட வாதாடாத. ஓடர் எடுக்கக்குள்ளயே "இது கலங்கலாத்தான் வரும், கைப்புக் குறைவு, பழ மணம்" எண்டு சொல்லிரு, நம்பாட்டி சின்னக் கிளாஸ்ல ரெண்டு வாய் ஊத்திக் குடு. தெளிவானத ஒதுக்குற பொடியனுக்கும் அதே ரெண்டு வாய். பழுப்படிச்ச டின்ன மட்டும் அரை விலைக்கும் குடுத்திராத தம்பி, ஐபிஏ முதன்முதலாக் குடிக்கிற ஆள் அதுதான் அதுட ருசி எண்டு நினைச்சிற்றுப் போயிருவான்.