நிழலை வெட்டினால்

வணக்கம் சார்,

பழைய கேம்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். பதின்மூன்று வயதில் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: தி ஸாண்ட்ஸ் ஆஃப் டைம்' விளையாடினேன். சுவரில் ஓடுவது, குத்துவாளால் காலத்தைப் பின்னால் திருப்புவது, கூடவே வரும் இளவரசி ஃபாராவோடு இளவரசன் போடும் செல்லச் சண்டை, தன் கதையைத் தானே அவன் சொல்வது. இந்த நான்கும் இருந்தால் எனக்குப் போதும். ஆனால் அடுத்த வருடமே 'வாரியர் விதின்' வந்து அவனை உறுமுகிற முரடனாக்கியது. 2020இல் 'ஸாண்ட்ஸ் ஆஃப் டைமுக்கு' ரீமேக் என்று அறிவித்தார்கள். 2021 ஜனவரி என்றார்கள், வரவில்லை. 2024இல் 'தி லாஸ்ட் க்ரவுன்' என்று பக்கவாட்டில் ஓடுகிற ஒரு கேமைக் கொடுத்தார்கள். அதில் இளவரசன் நாயகனே இல்லை. ட்ரெய்லர் பார்த்த அன்றே வெறுத்துவிட்டேன். வாங்கவில்லை. எழுத முடிந்த இடத்திலெல்லாம் திட்டி எழுதினேன். இது ரசிகனுக்குச் செய்யும் துரோகம் இல்லையா? லாபம் மட்டும்தான் கணக்கா? மக்களிடம் பணம் திரட்டி, பழைய கேமின் மானசீக வாரிசு என்று வேறு பெயரில் 'ஸ்பிரிச்சுவல் சக்ஸஸர்' எடுக்கிறார்களே, இனி அவற்றைத்தான் நம்ப வேண்டுமா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபோது என் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தான். அவனும் நானும் இதே இளவரசனை வைத்துப் பல வருடம் சண்டை போட்டவர்கள். அதனால்தான் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன்.

லாபக் கணக்கு பற்றி நீங்கள் சொன்னது சரிதான். பெரிய நிறுவனம் கணக்குப் பார்க்கும். முதல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' வந்த 1989இலும் பார்த்தது. இதில் புதிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

பணம் திரட்டி எடுப்பவற்றை நம்பலாமா என்ற கேள்விக்கும் சுருக்கமாகவே சொல்கிறேன். 2013இல் 'மைட்டி நம்பர் 9'க்கு 67 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பணம் போட்டார்கள். 'மெகா மேன்' வரிசையில் பெயர் பெற்ற கேஜி இனாஃபுனே எடுக்கிறார் என்ற ஒரே நம்பிக்கை. திரும்பத் திரும்பத் தள்ளிப்போய் 2016இல் வந்தது, போட்டவர்களில் பெரும்பாலோர் மனம் உடைந்தார்கள். 'காஸில்வேனியா' வரிசையில் பெயர் பெற்ற கோஜி இகராஷி 2015இல் அதே வழியில் பணம் திரட்டி, 2019இல் 'ப்ளட்ஸ்டெய்ன்ட்' கொடுத்தார். அது கொண்டாடப்பட்டது. காட்சிகள் சரியில்லை என்று ரசிகர்கள் சொன்னபோது அவற்றை மாற்றி, பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துக் காட்டினார்கள். வழி ஒன்றுதான், ஆள்தான் வேறு. கையில் மிச்சம் இருந்தால், போனால் போகட்டும் என்று விட முடிந்தால், போடுங்கள்.

இப்போது திட்டுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

'லாஸ்ட் க்ரவுனை' நீங்கள் ஆடவே இல்லை. அதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஒரு பெருமையோடு. ட்ரெய்லர் என்பது சில நிமிடம். அதற்குப் பின்னால் ஒரு குழுவின் பல வருட உழைப்பு இருக்கிறது. ஒரு ட்ரெய்லரைப் பிடிக்கவில்லை என்றால் வாங்காமல் இருப்பது உங்கள் உரிமை. ஆடாத ஒன்றைப் பற்றி, ஆட நினைப்பவனும் ஆடாமல் போகும்படி எழுதுவது உரிமையில் சேராது. 2020 ஜூனில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகம் வந்த சில மணி நேரத்திலேயே இணையத்தில் அதற்கு ஆயிரக்கணக்கில் பூஜ்ய மதிப்பெண் போட்டார்கள். ஆடி முடிக்கவே இருபது மணி நேரத்துக்கு மேலாகும் கேம் அது. அதில் குரல் கொடுத்த நடிகைக்குக் கொலை மிரட்டல் வரை போனது. நீங்கள் அந்த ரகம் இல்லை என்று உங்கள் கடிதத்தின் தொனியே சொல்கிறது. ஆனால் 'துரோகம்' என்ற சொல்லைக் கையில் எடுத்துவிட்டால் அந்தப் பாதையில் முதல் அடி வைத்தாகிவிட்டது. குறை சொல்லுங்கள். குதித்தால் கால் சரியாகப் பதியவில்லை, குரல் பொருந்தவில்லை, காட்சி மங்கல் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டு ஒருவர் திருத்த முடியும். துரோகம் என்று சொன்னால் அவர் எதைத் திருத்துவார்?

உங்கள் நான்கு அம்சப் பட்டியலுக்கு வருகிறேன். இதை விடப்போவதில்லை.

2003இல் அந்தப் பட்டியல் உங்களிடம் இருந்ததா? அந்த கேமைத் திறந்தபோது, இளவரசன் சுவரில் ஓடுவான் என்று எதிர்பார்த்தீர்களா? பள்ளத்தில் விழுந்து செத்தபோது, 'இல்லை இல்லை, அப்படி நடக்கவில்லை' என்று அவன் குரல் வருமென்று தெரியுமா? தெரியாது. தெரியாததால்தான் உடம்பு சிலிர்த்தது. சுவரில் ஒரு விரிசலைப் பார்த்ததும் 'இதைப் பிடித்துத் தொங்கலாம்' என்று உங்கள் கண் படித்துக்கொண்டதே, அந்தப் படிப்புதான் கேம். பட்டியல் என்பது படித்து முடித்தபின் கையில் நின்ற குறிப்பு. அந்தக் குறிப்பை அப்படியே திருப்பிக் கொடுத்தால், ஏற்கெனவே பாஸான பரீட்சையை மறுபடி எழுதுகிற மாதிரி இருக்கும். கை தானாக எழுதிவிடும். மனசுக்கு வேலை இருக்காது.

'பாஞ்சோ-கஸூயி' என்ற கேம் 1998இல் வந்தது. அதில் வேலை செய்தவர்கள் பலர் சேர்ந்து 2017இல் 'யூக்கா-லேலீ' எடுத்தார்கள். ரசிகர்கள் கேட்ட பட்டியல் மொத்தமும் அதில் இருந்தது. அந்தக் காலத்துக் குறைகளும் கூடவே வந்துவிட்டன என்றார்கள் விமர்சகர்கள். கேட்டது கிடைத்தும் பலருக்கு ஏக்கம் தீரவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2007இல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட்', முதலில் 'ஸாண்ட்ஸ் ஆஃப் டைமின்' அடுத்த பாகமாகத்தான் தொடங்கப்பட்டது. அதில் ஆடுபவன் இளவரசன் இல்லை. இளவரசனைக் காக்கும் கொலையாளி. இளவரசனே நாயகனாக இல்லாத ஒன்றுக்கு இளவரசன் பெயரை எப்படி வைப்பது என்ற கேள்வி எழுந்து, அது வேறு பெயரில் வேறு கதையாக வளர்ந்தது. நீங்கள் ஏங்கும் சுவரேறிக் குதிக்கும் இளவரசனுக்கு அதைவிட நெருங்கிய மானசீக வாரிசு கிடையாது. பெயர் மாறியதால் யாரும் அதைத் துரோகம் என்று சொல்லவில்லை. 'லாஸ்ட் க்ரவுனில்' ஸார்கன் என்ற வீரன், கடத்தப்பட்ட இளவரசனை மீட்கப் போகிறான். கிட்டத்தட்ட அதே யோசனை. இந்த முறை பழைய பெயரோடு வந்தது, அடி வாங்கியது. நீங்கள் கோபப்பட்டது கேம் மீதா, பெயர் மீதா? நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

என் அண்ணன் கதையைச் சொல்கிறேன்.

அவன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். முதல் 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா'வை நாங்கள் இருவரும் ஒரே கீபோர்டில் ஆடினோம். பக்கவாட்டில் ஓடுகிற கேம்தான் அதுவும். அதைச் செய்த ஜோர்டன் மெக்னர் தன் தம்பி டேவிட்டை ஓடவும் குதிக்கவும் வைத்துப் படம்பிடித்து, அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்த உருவம். அதனால்தான் அந்த வெள்ளைச் சட்டைக்காரன் ஓடி நிற்கும்போது ஒரு அடி சறுக்கி நிற்பான். அம்புக்குறிகள் அண்ணனுக்கு. ஷிஃப்ட் மட்டும் எனக்கு. அண்ணன் குதிக்க வைத்து 'பிடி' என்று கத்துவான். நான் ஷிஃப்டை அமுக்க வேண்டும், இளவரசன் விளிம்பைப் பற்றிக்கொள்வான். அரை நொடி தாமதித்தால் கீழே முள். அறுபது நிமிடத்துக்குள் இளவரசியிடம் போய்ச் சேர வேண்டும். செத்தாலும் கடிகாரம் நிற்காது.

நான்காம் கட்டத்தில் ஒரு கண்ணாடி வரும். அதை உடைத்துக்கொண்டு இளவரசன் பாய்ந்ததும் அவன் நிழல் தனியே பிரிந்து மறுபக்கம் ஓடிவிடும். மெக்னர் கேமை முதலில் எழுதிய ஆப்பிள் டூ கணினியில் நினைவகம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டதாம். எதிரிக்குத் தனி உருவம் வைக்க இடமில்லை. இளவரசனின் படங்களையே சற்று விலக்கி ஒன்றின்மேல் ஒன்று போட்டு இந்த நிழலை மெக்னர் உண்டாக்கினார். நமக்கு அது அன்றைக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு அவன் பேய். நாங்கள் குடிக்க வேண்டிய மருந்தைக் குடித்துவிடுவான், கதவை மூடிக் கீழே தள்ளிவிடுவான்.

பன்னிரண்டாம் கட்டத்தில் நேருக்கு நேர் நிற்பான். வாள் வீசுவது ஷிஃப்ட். அதாவது நான். எனக்கு அத்தனை நாள் கோபம். வெட்டினேன். அவனுடைய உயிர் முக்கோணம் ஒன்று குறைந்தது, எங்களுடையதும் ஒன்று குறைந்தது. மறுபடி வெட்டினேன், மறுபடி. அவன் செத்தபோது நாங்களும் செத்தோம். எத்தனை முறை அப்படிச் செத்தோம் என்று கணக்கே இல்லை. ஒருநாள் அண்ணன் என் விரலை ஷிஃப்டிலிருந்து பிடித்து இழுத்துவிட்டுக் கீழ் அம்புக்குறியைத் தட்டினான். இளவரசன் வாளை உறையில் போட்டான். நிழலும் போட்டது. அண்ணன் அவனை அப்படியே முன்னால் நடக்க வைத்தான். இருவரும் ஒன்றாகிவிட்டார்கள். அதற்கப்புறம் தரையே இல்லாத இடத்தில் ஓட ஓடக் காலடியில் தரை முளைத்தது. நாங்கள் இரண்டு பேரும் கத்திய கத்தலில் வீடு விழித்துக்கொண்டது.

அந்த அண்ணன்தான் 2003இல் நீங்கள் கோயிலாக வைத்திருக்கும் கேமைத் தொட மறுத்தான். நான் ஆடிக் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்தான். 'விழுந்தா காலத்தைத் திருப்பிக்கலாம்னா, அப்புறம் எதுக்குடா குதிக்கணும்?' என்றான். முதல் கேமைச் செய்த மெக்னரே இதிலும் இருக்கிறார் என்றேன். 'அப்ப அவரே மறந்துட்டாரு' என்றான். உங்கள் 'துரோகம்' என்ற சொல்லைத்தான் அவனும் சொன்னான். நான் பதிலுக்கு என்னென்னவோ சொன்னேன், கிழவன் மாதிரிப் பேசுகிறாய் என்று கூடச் சொன்னேன். அப்போது அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பிறகு அவன் எதையும் ஆடவில்லை. அவன் வாதம் முழுத் தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. விழுந்தால் போச்சு என்ற பயத்தில் அவன் கை படித்த பாடம் வேறு, நீங்கள் படித்தது வேறு. ஆனால் அவன் இழந்தது இருபது வருடம். ஃபாராவை அவனுக்குத் தெரியாது. கடைசியில் இளவரசன் காலத்தை முழுக்கத் திருப்பிவிட்டு, தன்னை யாரென்றே அறியாத அவள் முன்னால் நின்று மொத்தக் கதையையும் சொல்கிறானே, அந்த இடம் தெரியாது. எனக்கு அதுதான் வருத்தம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதே வருத்தம் வந்தது, அதனால்தான் குரல் உயர்ந்துவிட்டது. மன்னியுங்கள்.

'லாஸ்ட் க்ரவுனை' ஆடியவர்கள் மனமாரப் பாராட்டினார்கள். எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அதே 2024 அக்டோபரில், அதை எடுத்த குழு கலைக்கப்பட்டு ஆட்கள் வேறு வேலைகளுக்கு மாற்றப்பட்ட செய்தி வந்தது. உங்கள் ஒருவரால் நடந்ததில்லை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

போன வாரம் ஒரு ராத்திரி நான் அதை ஆடிக்கொண்டிருந்தேன். போக முடியாத ஒரு கதவு வந்தால் அந்த இடத்தை ஒரு படம் எடுத்து மேப்பில் குத்தி வைத்துக்கொள்ளலாம், பிறகு திரும்பி வரலாம். அப்படிக் குத்திக்கொண்டிருந்தபோது அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒன்றும் கேட்கவில்லை. பக்கவாட்டில் ஓடுவதைப் பார்த்துச் சற்று முன்னால் நகர்ந்தான். ஸார்கனுக்குச் சீமுர்க் பறவையின் இறகால் கிடைக்கும் சக்திகளில் ஒன்று, தன் நிழலை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு ஓடலாம். தேவைப்பட்டால் ஒரே நொடியில் அந்த நிழல் நிற்கும் இடத்துக்கே திரும்பிவிடலாம். நான் நிழலை ஒரு மேடையில் விட்டுவிட்டுக் குதித்தேன், கை தவறியது, முள்ளுக்கு மேலே வரும்போது அழுத்தினேன். ஸார்கன் மேடையில் நின்றான்.

'இது அவன்தானே?' என்றான் அண்ணன்.

கன்ட்ரோலரை நீட்டினேன். வாங்கிக்கொண்டான். எந்தப் பட்டனில் நிழல் என்று மட்டும் கேட்டான். மூன்று முறை விழுந்தான். நான்காம் முறை, என்னைப் பார்க்காமலே, விளக்கை அணைக்கச் சொன்னான்.