52-வது மாடியில் என்ன மாற்றினார்கள்?

கேள்வி: டோக்கியோ பார்க் ஹயாத் ஹோட்டலை ஒன்றரை வருடத்துக்கு மேல் மூடி வைத்துப் புதுப்பித்தார்கள். ஆனால் படங்களில் பார்த்தால் உச்சியில், 52-வது மாடியில் இருக்கும் ‘நியூயார்க் கிரில்’ உணவகம் பழைய மாதிரியே இருக்கிறது. அப்புறம் என்னதான் செய்தார்கள்?
- வாசகர், கோவை

பதில்: மாற்றாமல் விட்டார்கள், அதுதான் அங்கே நடந்த வேலை. 2024 மே மாதம் மூடி 2025 டிசம்பரில் திறந்தார்கள். அறைகளைப் பாரிஸின் ஜுவான் மன்கு நிறுவனம் புதிதாக வடிவமைத்தது, 41-வது மாடி உணவகம் பிரெஞ்சு சமையல் கலைஞர் அலன் டுகாஸ் கைக்குப் போனது. 52-வது மாடியில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டார்கள். 1994-இல் வடிவமைப்பாளர் ஜான் மோர்ஃபோர்டு போட்ட உள் அலங்காரம் அது. உயரமான கூரை, திறந்த சமையலறை, பெரிய பெரிய ஜன்னல்கள், சுவரில் இத்தாலிய ஓவியர் வலேரியோ அதாமி வரைந்த நியூயார்க் காட்சிகள். கிரில்லை ஒட்டியிருக்கும் பாரில் 2003-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் காட்சிகளை எடுத்ததால், அந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கவென்றே இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அங்கே போய் வெள்ளை மார்பிளும் தங்க முலாமும் ஒட்டினால் யாருக்கு லாபம்? நம் ஊரில் ரினோவேஷன் என்றாலே ஃபால்ஸ் சீலிங், அதைச் சுற்றி நீல எல்இடி பட்டை. பழசு பழசாகவே இருப்பதற்குச் செலவழிக்க யாருக்கும் மனசு வராது.

கேள்வி: எங்கள் ஹோட்டலின் ரூஃப்டாப் ரெஸ்டாரன்ட்டைக் கண்ணாடி போட்டு ஏசி ஆக்கினோம். பகலில் மலைக்கோட்டை ஜோராகத் தெரிகிறது, ராத்திரியில் சாப்பிட வருகிறவர்களுக்கு அவர்கள் முகம்தான் தெரிகிறது. கண்ணாடியையே மாற்றணும் என்கிறார் கான்ட்ராக்டர்.
- வாசகி, திருச்சி

பதில்: அவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். ராத்திரி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பெட்டிக்குள் லைட் அணைந்த பிறகுதானே வெளியே ஊர் தெரிகிறது, அதே சங்கதிதான். சாதாரண ஒற்றைக் கண்ணாடி தன்மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பகலில் வெயிலுக்கு முன்னால் அது கணக்கிலேயே வராது, ராத்திரியில் தூரத்து விளக்குகளை அடித்துச் சாப்பிட்டுவிடும். உயர்ந்த கட்டட உணவகங்கள் மங்கலாக இருப்பதற்கு ரொமான்ஸ் மட்டும் காரணமில்லை.

வெயிலுக்கென்று மின்னும் சன் ஃபிலிம் ஒட்டியிருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள், ராத்திரியில் அது முகம் பார்க்கும் கண்ணாடிதான். கூரையில் இருக்கும் சதுர பேனல் லைட்டுகளை அணைத்துவிட்டு, மேஜைக்கு ஒன்றாகக் குறுகலாக விழும் ஸ்பாட் லைட் போடுங்கள்; மெனு படிக்க அது போதும், ஆனால் பல்ப் உள்ளடங்கி இருக்கணும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வெள்ளையாக இருந்தால் அடர்ந்த நிறம் அடியுங்கள், கண்ணாடியில் தெரிவது அந்தச் சுவர்தான். பளபள கிரானைட் மேஜைக்கும் ஒரு விரிப்பு. சரி, எந்த லைட் குற்றவாளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடை மூடிய பிறகு எல்லாவற்றையும் அணைத்து, ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் போடச் சொல்லிப் பாருங்கள். பில் கவுன்ட்டர் சாமி படத்துச் சீரியல் லைட்டையும் விட்டுவிடாதீர்கள், அதன்மேல் யாருக்கும் சந்தேகமே வராது.