விண்வெளிக்குப் போகணும் என்கிற மகளின் அப்பாவுக்கு

வணக்கம் சார்.

சனிக்கிழமை நீங்கள் மகளின் படிப்பு பற்றி ஆலோசனை கேட்க அவளுடன் என்னிடம் வந்தபோது மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தீர்கள். ஒன்று, பத்தாம் வகுப்பு அரையாண்டு மார்க் ஷீட், கணக்கில் 61. இன்னொன்று, ஓரமெல்லாம் சுருண்டுபோன 200 பக்க நோட்டு. "படிக்கிற நேரத்துல இதத்தான் சார் எழுதிட்டு இருக்கா. ஆஸ்ட்ரோநட் ஆகணுமாம்" என்று சொல்லிவிட்டு அவளைப் பார்த்தீர்கள். அவள் ஃபேனைப் பார்த்தாள். வெளியே இரண்டு குடும்பங்கள் காத்திருந்ததால் பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன் என்று சொன்னேன் இல்லையா, அதுதான் இது.

நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் அந்த நோட்டை முழுவதும் புரட்டினேன். அவளிடம் கேட்டுச் சில பக்கங்களை போனில் படமும் எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் எல்லாக் குழந்தைகளும் எழுதி வைப்பதுதான். சனி கிரகத்தின் அடர்த்தி தண்ணீரைவிடக் குறைவு. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்கள் ஒரே நாளில் 16 முறை சூரிய உதயம் பார்ப்பார்கள். முதுகெலும்பு நீண்டு 5 செ.மீ. வரை உயரமாவார்கள். சிறுநீரைச் சுத்திகரித்துத் திரும்பக் குடிப்பார்கள். கடைசிச் செய்திக்கு அடியில் மட்டும் இரண்டு கோடு.

ஒரு பக்கத்தில் தப்பும் இருந்தது. 'விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை கிடையாது' என்று எழுதியிருந்தாள். நிலையம் சுற்றுவது சுமார் 400 கி.மீ. உயரத்தில்தான், அங்கே ஈர்ப்பு விசை தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீதம் இருக்கிறது. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால்தான் எடையே தெரிவதில்லை. ராட்டினம் உச்சியிலிருந்து இறங்கும்போது வயிறு ஜிவ்வென்று ஆகுமே, அது நிற்காமல் நீடிப்பதாக நினைத்துக்கொள் என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பென்சிலை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் '400 கி.மீ., விழுகிறார்கள்' என்று எழுதினாள். தப்பை ஒத்துக்கொண்டு உடனே திருத்துகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் என்னை நிறுத்தியது சுக்கிரன் பக்கம்தான். 'சுக்கிரனில் ஒரு நாள் ஒரு வருடத்தைவிட நீளம்' என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள். மற்றவர்கள் இதை எழுதி ஒரு ஆச்சரியக்குறி போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். உங்கள் மகள் அடியில் சின்னதாக, 'ஆனால் அது தலைகீழாகச் சுற்றுகிறதே, அப்போ சூரியன் எத்தனை நாளுக்கு ஒருமுறை உதிக்கும்?' என்று எழுதி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள்.

சார், நோட்டில் இருக்கும் நூற்றுச் சொச்சம் தகவல்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதெல்லாம் இன்று போனிலேயே கிடைக்கும். அந்த ஒரு கேள்விக்குறியை வைத்துத்தான் இந்தக் கடிதமே எழுதுகிறேன்.

சரி, முதலில் ஆஸ்ட்ரோநட் விஷயம். பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். 1984 ஏப்ரலில் விண்வெளிக்குப் போன முதல் இந்தியர் ராகேஷ் சர்மா விமானப்படை விமானி. 2024 பிப்ரவரியில், மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்காக அறிவிக்கப்பட்ட நான்கு பேரும் விமானப்படையின் சோதனை விமானிகள். அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். 2025 ஜூனில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் ஜூலையில் திரும்பிய சுபான்ஷு சுக்லாவும் அந்த நால்வரில் ஒருவர்தான். ஆக, நம் நாட்டில் இதுவரை அந்த இடத்துக்கு ஆள் எடுத்தது விமானப்படையிலிருந்துதான். நாசாவுக்கு விண்ணப்பிக்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அந்த ஊரிலேயே 2017-இல் தேர்வான குழுவுக்கு 18,300-க்கு மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள். எடுத்தது 12 பேரை.

அதனால் 'முடியாது' என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதி விமானப்படைக்குப் போகலாம். யு.பி.எஸ்.சி. இதை வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. 2022 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள். முதல் அணி 2025 மே மாதம் படிப்பை முடித்து வெளியே வந்தது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும், அதனால் இப்போதிருந்தே ஆங்கிலம் வாசிக்கட்டும். கண் பார்வை, உயரம் எல்லாம் பார்ப்பார்கள். முதல் வேலையாக ஒரு நல்ல கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். விமானி வேலைக்குக் கண் ஒத்துவராது என்றால் பிளஸ் டூ முடித்து அழுவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

அந்த ஒரே வாசலை நம்பி வீட்டைக் கட்டாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒருவர் மேலே போனால் கீழே ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். அந்த வேலைகள் நிஜமான வேலைகள். சம்பளம், பென்ஷன் திட்டம், குவார்ட்டர்ஸ் எல்லாம் உண்டு.

இஸ்ரோவில் விஞ்ஞானி-பொறியாளர் பதவிக்கு அதிகமாகக் கேட்பது மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம்தான். 65 சதவீதம் அல்லது 6.84 சி.ஜி.பி.ஏ. வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வாசலில் ராக்கெட் படம் போட்ட கல்லூரிகள் ஜூன் மாதம் உங்களைத் தேடி வரும். ஏரோநாட்டிக்கல், ஏரோஸ்பேஸ் என்று பெயர் வைத்து லட்சக்கணக்கில் கேட்பார்கள். பணம் கட்டுவதற்கு முன் இஸ்ரோ கடைசி மூன்று வருடம் வெளியிட்ட வேலை அறிவிப்புகளை எடுத்து, எந்தப் பிரிவுக்கு எத்தனை இடம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் விண்வெளித் துறையே நடத்தும் ஐ.ஐ.எஸ்.டி. என்கிற விண்வெளிக் கல்வி நிறுவனம் வேறு ரகம், 2007-இல் தொடங்கியது, பி.டெக். சேர்க்கை ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க் வைத்து. கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாம்.

'அரசுப் பள்ளியில் படிக்கிறவளுக்கு இதெல்லாம் எட்டுமா' என்று கேட்டீர்கள். சூரியனை ஆராயும் ஆதித்யா-எல்1 விண்கலத்தின் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். படித்தது திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர், டிப்ளமோவில் தொடங்கியவர். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான நாராயணனும் கன்னியாகுமரி மாவட்டத்தில் டிப்ளமோவில் ஆரம்பித்தவர்தான். இங்கே என் பாவத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பாலிடெக்னிக் பையனிடம், "தம்பி, அதெல்லாம் ஐ.ஐ.டி.காரங்களுக்கு" என்று சொல்லி அனுப்பினேன். அவன் இப்போது என்ன செய்கிறான் என்று தெரியாது. சந்திரயான்-3 இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் பஸ் பாடி பட்டறையில் வெல்டிங் பார்க்கிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில்தான் இஸ்ரோவின் திரவ எரிபொருள் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். அங்கே ஃபிட்டர் போன்ற வேலைகளுக்கு ஐ.டி.ஐ. படித்தவர்களையும் எடுக்கிறார்கள். ராக்கெட் என்பது வேற்றுலகச் சாமான் இல்லை, உங்கள் கைவேலையின் பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இப்போது நான் ஆசையாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். நோட்டில் அவள் அதிகம் எழுதியிருப்பது ராக்கெட்டைப் பற்றி இல்லை, தரையைப் பற்றி. செவ்வாயின் மண் ஏன் சிவப்பு, அங்கே 22 கி.மீ. உயர எரிமலை எப்படி வந்தது, நிலாவின் வெள்ளைப் பகுதி எந்தக் கல். 16 பக்கம் இதுதான். புவியியல் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். நான் சொல்வது நிலவியல், அதாவது ஜியாலஜி. கரூரிலிருந்து காவிரியைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி. அங்கே கிடக்கும் வெளிறிய பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர். நிலாவின் மேட்டுப் பகுதிகளும் பெரும்பாலும் இந்த வகைப் பாறைதான். சந்திரயான் லேண்டரையும் ரோவரையும் தரையில் சோதிக்க நிலா மண் வேண்டியிருந்தது. நிஜ நிலா மண்ணுக்கு எங்கே போவது? சித்தம்பூண்டிப் பக்கத்துக் கல்லை உடைத்து, அரைத்து, பெங்களூருக்குக் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நிலாவுக்குப் போகும் வண்டி முதலில் உருண்டது கொங்கு நாட்டு மண்ணில், சார்!

நிலவியல் பட்டப்படிப்பு அரசு கலைக் கல்லூரிகளில் குறைந்த கட்டணத்தில் இருக்கிறது. விண்வெளி கைகூடாவிட்டாலும் நிலத்தடி நீர், சுரங்கம், ஜி.எஸ்.ஐ. (இந்திய நிலவியல் ஆய்வுத் துறை) என்று போக இடம் உண்டு. ஆராய்ச்சிக்கே போகிறாள் என்றால் எம்.எஸ்சி., பிஎச்.டி. முடித்துச் சொந்தக் காலில் நிற்க முப்பதை நெருங்கிவிடும். அதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளை என்பதால் சொந்தக்காரர்கள் கேட்கப்போகும் கேள்விக்குப் பதிலையும் சேர்த்துத் தயார் செய்யுங்கள்.

பிளஸ் ஒன்னில் எந்த குரூப்? கணிதமும் இயற்பியலும் வேதியியலும் இருக்க வேண்டும், அது கட்டாயம். கூட கம்ப்யூட்டர் சயின்ஸா உயிரியலா என்பது இரண்டாவது. விண்வெளியில் எலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதம் தேய்கிறது, தினமும் இரண்டு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று இரண்டு பக்கம்தான் எழுதியிருக்கிறாள். அதை வைத்து டாக்டர் ஆசை என்று முடிவு கட்ட முடியாது.

கடைசியாக அந்த 61. விடைத்தாளையும் பார்த்தேன். கூம்பின் கன அளவு சரியாக வந்திருக்கிறது, அலகு போடவில்லை. ஆசிரியர் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறார். இப்படி ஐந்து இடம். அவளுக்குக் கணக்கு வராமல் இல்லை, அவசரம். திட்டாமல் இதைச் சொல்லுங்கள்: 1999 செப்டம்பர் 23 அன்று நாசா ஒரு செவ்வாய் விண்கலத்தையே இழந்தது. ஒரு தரப்பு பவுண்டு கணக்கில் எண்ணைக் கொடுத்தது, இன்னொரு தரப்பு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. கலம் மிகவும் தாழ்வாகப் போய்ச் செவ்வாயின் காற்றில் சிக்கி அழிந்தது. பட்டறையில் இஞ்சையும் மில்லிமீட்டரையும் குழப்பினால் என்ன ஆகும் என்று உங்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? (அதே செப்டம்பர் 23-இல்தான், 1846-ஆம் வருடம், காகிதத்தில் போட்ட கணக்கை நம்பித் தொலைநோக்கியைத் திருப்பி நெப்டியூனைக் கண்டுபிடித்தார்கள். இதையும் சொல்லுங்கள், நோட்டில் ஏற்றிக்கொள்வாள்.)

நோட்டைப் பிடுங்கி வைக்காதீர்கள். பொதுத் தேர்வு வரை இரவு அரை மணி நேரம், அவ்வளவுதான் என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். தேர்வு முடிந்த முதல் ஞாயிறு சித்தம்பூண்டிக்குக் கூட்டிப் போய் வாருங்கள்.

அப்புறம், சுக்கிரன் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில் கணக்கு மாதிரிதான் அது, யோசித்துப் பார் என்று மட்டும் சொன்னேன். விடை சுமார் 117 நாள். உங்களுக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதீர்கள். மே மாதம் குரூப் விஷயமாக வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.