டென்வரின் புதிய பெஞ்சும் பழைய ஓட்டையும்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். கிரிக்கெட்டும் காற்பந்தும் பேசும் எங்கள் வீட்டில், கூடைப்பந்துக்காக விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்காரும் ஒரே ஆள் நான்தான். 2025 ஜூன் மாதம் ஆப்பிரிக்கக் கூடைப்பந்து லீக் இறுதிப்போட்டி பிரிட்டோரியாவிலேயே நடந்தபோதும் என்னுடன் வர ஒருவரும் இல்லை. என் அணி, அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீகில் ஆடும் டென்வர் நக்கெட்ஸ். மே மாதம் பிளேஆஃப் தொடரின் ஏழாவது, முடிவான ஆட்டத்தில் ஓக்லஹோமா அணியிடம் தோற்ற பிறகு நிர்வாகம் செய்திருக்கும் மாற்றங்களைப் பற்றி உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். மைக்கேல் போர்ட்டரை புரூக்ளினுக்குக் கொடுத்து, கூடவே 2032ஆம் ஆண்டின் முதல் சுற்று டிராஃப்ட் உரிமையையும் (புதிய இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) விட்டுக்கொடுத்து, கேமரன் ஜான்சனை வாங்கியிருக்கிறார்கள். ஏறக்குறைய ஒரே அளவு புள்ளி எடுக்கும் இருவரை மாற்றிக்கொள்ள இவ்வளவு விலையா என்பது என் வருத்தம். ஆனால், நட்சத்திர வீரர் யோக்கிச் ஓய்வெடுக்கும்போதெல்லாம் அணி சரிந்துவிடும் குறை, அவருக்கு மாற்று வீரராக வாலன்சியூனஸ் வந்ததால் தீர்ந்தது என்ற நிம்மதியும் இருக்கிறது. இரண்டும் சரிதானா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வருத்தமும் சற்று அதிகம், நிம்மதியும் சற்று அதிகம்.

முதலில் போர்ட்டர். 2024-25 பருவத்தில் அவருடைய சராசரி 18.2 புள்ளிகள், ஜான்சனுடையது 18.8, மூன்று புள்ளி எறிதலில் இருவரும் 39 சதவீதத்தை ஒட்டியவர்கள். இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது போலத்தான் தோன்றும். ஆனால் 2025-26 பருவத்துக்கு போர்ட்டரின் சம்பளம் 38 மில்லியன் டாலருக்கு மேல். ஜான்சனுடையது அதைவிட ஏறத்தாழ 17 மில்லியன் குறைவு. என்பிஏயின் இப்போதைய ஒப்பந்த விதிகளில் அந்த 17 மில்லியன் வெறும் சேமிப்பு அன்று. சம்பள உச்சவரம்புக்கு மேலே ‘முதல் ஏப்ரன்’ என்றொரு கோடு உண்டு; அதைத் தாண்டி நிற்கும் அணி, டிரேடில் (வீரர் பரிமாற்றத்தில்) தான் அனுப்பும் சம்பளத்தைவிட ஒரு டாலர்கூடக் கூடுதலாகத் திரும்பப் பெற முடியாது. டென்வரோ, ஆடுகளத்தையே அரிதாகப் பார்த்த டாரியோ சாரிச்சை அனுப்பி, அவரைவிட ஏறத்தாழ இரு மடங்கு சம்பளம் வாங்கும் வாலன்சியூனஸைச் சாக்ரமெண்டோவிடமிருந்து பெற்றது. போர்ட்டரின் சம்பளம் கணக்கிலேயே இருந்திருந்தால் இந்தக் கதவு திறந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே அந்த டிராஃப்ட் உரிமை ஜான்சன் ஒருவருக்காக மட்டும் கொடுத்த விலை ஆகாது. 2023இல் கோப்பை வென்ற கையோடு இந்தியானாவுக்குப் போன புரூஸ் பிரவுனும், டெட்ராய்ட்டில் ஆடிக்கொண்டிருந்த டிம் ஹார்டவேயும் குறைந்தபட்சச் சம்பளத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 2024-25 பருவத்தில் லீகிலேயே மிகக் குறைவாக மூன்று புள்ளி எறிதலுக்கு முயன்ற அணிக்கு ஹார்டவே போன்ற தயங்காத எறிவீரர் அவசியம்.

2032இல் யோக்கிச்சுக்கு 37 வயது ஆகியிருக்கும். அந்த ஆண்டு டென்வர் பலவீனமான அணியாக இருந்து, புரூக்ளின் நல்ல இளைஞன் ஒருவனைத் தட்டிச் செல்லக்கூடும். அது மெய்யான இழப்புதான். இருந்தாலும், சராசரியாக 29.6 புள்ளிகள், 12.7 ரீபவுண்டுகள் (தவறிய எறிதலிலிருந்து திரும்பும் பந்தைப் பிடிப்பது), 10.2 அசிஸ்டுகள் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்து கொடுப்பது) என்று ஒரு மனிதர் உச்சத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது ஏழாண்டுக்குப் பிந்தைய விளைச்சலைப் பற்றிக் கவலைப்படுவது எனக்கு உவப்பில்லை.

போர்ட்டரின் பிரிவில் யாரும் அதிகம் பேசாத இழப்பு வேறு. ஓக்லஹோமா தொடரில் பயிற்சியாளர் டேவிட் அடெல்மன் அடிக்கடி மண்டலத் தடுப்பாட்டத்துக்கு (ஒவ்வொருவரும் ஓர் ஆளை அல்லாமல் ஓர் இடத்தைக் காக்கும் முறைக்கு) மாறினார். அந்த வேகமான அணியை மூன்று ஆட்டங்களில் வெல்ல அதுவும் உதவியது. மண்டலத் தடுப்பாட்டத்தில் ஆளுக்கு ஆள் பொறுப்பு இல்லாததால், வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை எதிரணியினர் நழுவி வந்து எடுத்துக்கொள்வார்கள். அங்கே உயரம்தான் காப்பு. போர்ட்டர் ஆட்டத்துக்கு 7 ரீபவுண்டு எடுத்தவர், ஜான்சன் 4.3 மட்டுமே. பந்தைப் பகிர்வதில் ஜான்சன் மேலானவர் என்பது உண்மை, ஆயினும் அதே மண்டலத்தை அதே நம்பிக்கையோடு அடெல்மன் இனி அமைக்க முடியுமா என்பது எனக்கு ஐயமே. அந்தத் தொடரில் போர்ட்டர் சோபிக்கவில்லை என்று பழிப்பவர்கள், பிளேஆஃபின் முதல் சுற்றிலேயே காயப்பட்ட தோளோடு அவர் ஆடினார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இனி உங்கள் நிம்மதிக்கு வருவோம். யோக்கிச் அமர்ந்திருக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் புள்ளி எடுக்கவும் ரீபவுண்டு பிடிக்கவும் இதுவரை இல்லாத அளவுக்குத் தகுதியான ஒருவர் கிடைத்திருக்கிறார். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முப்பத்து மூன்று வயதான வாலன்சியூனஸ் மெதுவான கால்கள் கொண்டவர். எதிரணியின் கார்டு (பந்தைக் கொண்டுவரும் வீரர்) தன் சக வீரர் மறித்து நிற்கும் தடுப்பைப் பயன்படுத்தி உள்ளே பாய்ந்தால், அவர் பின்வாங்கி நின்று காத்திருப்பவரே தவிர, மேலெழும்பி எறிதலைத் தட்டிவிடுபவர் அல்லர். யோக்கிச்சும் அந்த வகையில் காவலாளி அல்லர். ஆக, 48 நிமிடமும் வளையத்தடியில் அச்சமூட்டும் ஆள் ஒருவரும் இல்லாத நிலை அப்படியே நீடிக்கிறது. ஓக்லஹோமாவின் ஷே கில்ஜியஸ் அலெக்ஸாண்டர் ஏழாவது ஆட்டத்தில் 35 புள்ளிகள் எடுத்ததை நீங்கள் விழித்திருந்து பார்த்திருப்பீர்கள். எறிதலைத் தட்டிவிடும் திறமை இந்த அணியில் பெய்டன் வாட்சனிடம்தான் இருக்கிறது. அவரோ ஓரத்தில் ஆடும் வீரர்.

முன்வரிசையில் ஆடும் ஆரன் கார்டனுக்குப் பின்னால் நம்பத்தக்க மாற்று ஆள் இல்லை. ஏழாவது ஆட்டத்தை அவர் தொடைத் தசை கிழிந்த நிலையில் ஆடினார் என்பதே இதற்குப் போதிய சான்று.

நீங்கள் குறிப்பிடாத இன்னொரு குறை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ரசல் வெஸ்ட்புரூக் போய்விட்டார். அவர் பந்தைத் தொலைத்த நேரங்களில் நானும் உங்களைப் போலவே திட்டியிருப்பேன். ஆனால் ஆட்டத்துக்கு ஆறு அசிஸ்டு கொடுத்து, மாற்று வீரர்களான இரண்டாம் ஐவரை ஓடவைத்தவர் அவர்தான். அந்த வேலையில் அனுபவமுள்ள பாயிண்ட் கார்டு (ஆட்டத்தை அமைத்துக் கொடுப்பவர்) இப்போது தொடக்க ஐவரில் ஆடும் மர்ரேயைத் தவிர யாரும் இல்லை. பிரவுன் பந்தைக் கொண்டுசெல்வார், ஆட்டத்தை அமைக்கமாட்டார். வாலன்சியூனஸுக்கு உரிய இடத்தில் உரிய நேரத்தில் பந்தைப் போட ஆளில்லாவிட்டால் அவரை வாங்கியதில் பாதிப் பயன்தான். அடெல்மன் மர்ரேயை முன்னதாக வெளியே எடுத்து, யோக்கிச் அமரும்போது திரும்ப இறக்குவார் என்று எதிர்பார்க்கிறேன். தீபாவளியை ஒட்டிப் பருவம் தொடங்கும்போது முதல் சில வாரங்களில் இதைக் கவனியுங்கள். அது பலிக்கவில்லையென்றால், பயன்படாமல் கிடக்கும் ஸீக் நாஜியின் ஒப்பந்தத்தை வைத்து, பிப்ரவரி டிரேடு கெடுவுக்குள் அனுபவமுள்ள ஒரு பாயிண்ட் கார்டை அவர்கள் தேடியாக வேண்டும்.