ஆங்கிலத்தில் ‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ ஆகியவற்றை எப்போது நீக்கலாம்?

‘ஹூ’, ‘விச்’, ‘தட்’ ஆகியவற்றை நீக்கி வாக்கியத்தைச் சுருக்கினால், ஓரிடத்தில் சரியாக இருப்பது இன்னோரிடத்தில் பிழையாகிவிடுகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்வழி மாணவர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். இந்தக் குழப்பத்தின் வேர் நம்முடைய பெயரெச்சத்தில் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

‘இட்லி சாப்பிட்ட குழந்தை’ என்கிறோம். ‘குழந்தை சாப்பிட்ட இட்லி’ என்றும் சொல்கிறோம். ‘சாப்பிட்ட’ என்ற சொல் காலத்தைத் தெளிவாகக் காட்டுகிறதே தவிர, அடுத்து வரும் பெயர் சாப்பிட்டதா, சாப்பிடப்பட்டதா என்பதைக் காட்டுவதில்லை. ஆங்கிலத்தில் இது தலைகீழ். ‘ஈட்டிங்’ என்றால் அந்தப் பெயர் செயலைச் செய்கிறது, ‘ஈட்டன்’ என்றால் அதன்மேல் செயல் நடந்திருக்கிறது. காலத்தை வாக்கியத்தின் மற்ற பகுதிதான் உணர்த்த வேண்டும். ஆகவே ‘தி சைல்ட் ஹூ இஸ் ஈட்டிங் இட்லி’ என்பதை ‘தி சைல்ட் ஈட்டிங் இட்லி’ என்றும், ‘தி இட்லி தட் வாஸ் ஈட்டன் பை தி சைல்ட்’ என்பதை ‘தி இட்லி ஈட்டன் பை தி சைல்ட்’ என்றும் தயங்காமல் சுருக்கலாம். ஆனால் சாப்பிட்டு முடித்த குழந்தையைக் குறிக்க ‘தி சைல்ட் ஈட்டன்’ என்று எழுதினால், ஏதோ ஒன்று குழந்தையைத் தின்றுவிட்டதாகப் பொருள் மாறிவிடும்.

நான் மிகுதியாகக் காணும் பிழை வேறொன்று. ‘நேற்று வந்தவர் என் மாமா’ என்பதை ‘தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்’ என்று எழுதுகிறார்கள். இங்கே ‘ஹூ’தான் ‘கேம்’ என்ற வினைக்கு எழுவாய். அதை நீக்கினால் வாக்கியமே நிற்காது. ‘தி புக் தட் ஐ பாட்’ என்பதிலோ எழுவாயாக ‘ஐ’ இருக்கிறது, ‘தட்’ வெறும் செயப்படுபொருள். எனவே ‘தி புக் ஐ பாட்’ போதும். இந்த விடுதலை காற்புள்ளி இல்லாத இடத்தில் மட்டுமே உண்டு. ‘மதுரை, விச் ஐ லவ்,’ என்று காற்புள்ளிகளுக்கு நடுவே கூடுதல் செய்தியாக வருவதில் ‘விச்’சை எடுக்க முடியாது. ‘ஹூ இஸ் டால்’ என்பதுபோல் தனிப் பெயரடை மட்டும் எஞ்சினால், பெரும்பாலும் அதைப் பெயருக்கு முன்னே கொண்டுவந்து ‘தி டால் மேன்’ என்று எழுத வேண்டும்.

இலக்கணம் அனுமதித்தாலும் சுருக்கக்கூடாத இடங்கள் உண்டு. அமெரிக்க உளமொழியியலாளர் தாமஸ் பெவர் 1970இல் காட்டிய ‘தி ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் தி பார்ன் ஃபெல்’ என்ற வாக்கியம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது என்பதே பொருள். ஆனால் ‘ரேஸ்ட்’ என்பது இறந்தகால வினையாகவும் இருக்கக்கூடியதால், குதிரை ஓடியது என்று படித்துக்கொண்டே போகிறவர் ‘ஃபெல்’லில் வந்து திகைத்து நிற்கிறார். அதே இடத்தில் ‘ரிடன்’ (சவாரி செய்யப்பட்ட) இருந்தால் திகைப்பே இல்லை, ஏனெனில் அதன் இறந்தகால வடிவம் ‘ரோட்’ என்று வேறாக இருக்கிறது. இறந்தகால வினையும் ‘ஈட்டன்’ போன்ற செயப்பாட்டு வடிவமும் ஒன்றாக இருந்து, படிப்பவர் இடறக்கூடும் என்று தோன்றும் இடங்களில், மாணவர் நீக்கிய ‘தட் வாஸ்’ஐ நான் மீண்டும் எழுதிச் சேர்த்துவிடுகிறேன்.