டிக்கியில் ஊஃபர் வைப்பதற்கு முன்

கேள்வி: ஏழு வருடம் ஓடிய சின்ன கார், கம்பெனி கொடுத்த ஸ்டீரியோதான் இருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் காதைக் குத்துகிறது. மிருதங்கம், தவில் எல்லாம் தகரத்தைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம், டிக்கியில் 12 இன்ச் ஊஃபர் பெட்டியும் (கீழ்ச்சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) ஒரு ஆம்பும் (ஸ்பீக்கருக்குப் பவர் கூட்டும் கருவி) போட்டால் போதும் என்கிறார் கடைக்காரர். கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. போடலாமா சார்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போது வேண்டாம். அந்தப் பெட்டி வந்தால் அடியில் அதிர்வு கூடும், நீங்கள் சொன்ன குறை அப்படியே இருக்கும். மிருதங்கத்தின் தொப்பிக்கு, அதாவது கனத்த சத்தம் தரும் இடப்பக்கத்துக்கு, ஊஃபர் உதவும், சரி. ஆனால் வலந்தலையில் விரல் விழுகிற சத்தம், பாடுகிறவர் குரல், வயலின் எல்லாம் முன் கதவு ஸ்பீக்கரிலிருந்துதான் வருகின்றன. பணத்தை முதலில் அங்கே போடுங்கள்.

கடையில் கதவின் உள்மூடியான டோர் பேடைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பல சின்ன கார்களில் பிளாஸ்டிக் ஃபிரேமில் ஒரு லேசான ஸ்பீக்கர், அதைச் சுற்றி பெரிய பெரிய ஓட்டைகள் உள்ள தகரம், அதன்மேல் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள், அவ்வளவுதான் இருக்கும். ஸ்பீக்கர் முன்பக்கம் தள்ளும் காற்றும் பின்பக்கம் தள்ளும் காற்றும் ஒன்றுக்கொன்று எதிரானவை. பின்பக்கச் சத்தம் அந்த ஓட்டைகள் வழியே வந்து முன்பக்கத்தோடு கலந்தால் கீழ்ச்சுருதி அடிபட்டுப் போகும். அதனால்தான் எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரை அதே ஓட்டைக் கதவில் மாட்டினாலும் தவில் தவிலாகக் கேட்பதில்லை.

ஆகவே கதவின் வெளித்தகட்டில் உள்பக்கமாக பியூட்டைல் டேம்பிங் ஷீட் ஒட்டச் சொல்லுங்கள். முழுக்க ஒட்ட வேண்டியதில்லை, நடுநடுவே நன்றாக அழுத்தி ரோலர் போட்டு ஒட்டினாலே அதிர்வு அடங்கும். அப்புறம் உள்தகட்டின் ஓட்டைகளை மூட வேண்டும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடியும் துளைகளை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது, அடைத்தால் தண்ணீர் தேங்கி கதவு துருப்பிடிக்கும். கண்ணாடியை முழுதாக இறக்கி, ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பேடை மூட வேண்டும்.

ஸ்பீக்கர் என்றால் ட்வீட்டர் (மேல்சுருதிக்கான சின்ன ஸ்பீக்கர்) தனியாக வரும் 6.5 இன்ச் காம்போனென்ட் செட் வாங்குங்கள். உங்கள் கதவில் அந்த அளவு உட்காருமா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். ட்வீட்டரை சைடு மிரருக்கு உள்பக்கம் உள்ள முக்கோணத்தில் வைத்தால் குரல் கண்ணுக்கு நேராக வரும், கீழே வைத்தால் முழங்காலிலிருந்து பாடுவது போலிருக்கும். ஸ்டீரியோ அட்டைப்பெட்டியில் 50 வாட் என்று நான்கு சேனலுக்கும் போட்டிருப்பதை நம்பி கணக்குப் போட வேண்டாம். அது உச்ச அளவு. தொடர்ந்து கிடைப்பது சேனலுக்கு ஏறக்குறைய 20 வாட்தான். அதனால் சென்சிடிவிட்டி, அதாவது அதே பவரில் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 90 டெசிபலுக்கு மேல் உள்ள ஸ்பீக்கராகப் பாருங்கள், 3 டெசிபல் கூடுதலாக இருந்தால் பாதி பவரிலேயே அதே சத்தம் கிடைக்கும்.

கம்பெனி வயரை வெட்ட விடாதீர்கள், உங்கள் காரின் வயரில் அப்படியே செருகும் கப்ளர் கேளுங்கள். மாட்டி முடித்ததும் பேலன்ஸை (இடது, வலது சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) நடுவில் வைத்து ஒரு பாட்டு போடுங்கள். பேலன்ஸை ஒரு பக்கம் தள்ளும்போது பேஸ் கூடுகிறது என்றால் ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்க வாய்ப்பு அதிகம், அங்கேயே சரி செய்யச் சொல்லுங்கள். பின் ஸ்பீக்கர்களைத் தொட வேண்டாம், ஃபேடரைக் (முன், பின் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) கொஞ்சம் முன்னால் தள்ளினால் போதும்.

இதற்கே உங்கள் பணத்தில் பெரும்பகுதி போய்விடும். சில மாதம் கேளுங்கள். நெடுஞ்சாலையில் டயர் இரைச்சலில் கீழ்ச்சத்தம் அமுங்குகிறது என்று தோன்றினால் அப்போது நான்கு சேனல் ஆம்பும் சீட்டுக்கு அடியில் வைக்கும் சின்ன ஊஃபரும் போடலாம். முன் ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழான சத்தத்தைத் தடுப்பது) வைத்துவிட்டால் கதவு இன்னும் தெளிவாகப் பாடும்.

கேள்வி: புதிதாக ஆம்ப் போட்டேன். ஆக்ஸிலேட்டர் மிதிக்க மிதிக்க 'ங்ஙீ' என்று ஒரு சத்தமும் சேர்ந்து ஏறுகிறது. ஆம்ப் கெட்டுவிட்டதா?
– வாசகர், திருச்சி

பதில்: பெரும்பாலும் ஆம்ப் நன்றாகத்தான் இருக்கும். அது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தம். ஆம்பின் எர்த் வயரைப் பாருங்கள்: பெயின்ட்டின் மேலேயே முடுக்கியிருந்தால் சுரண்டி, வெறும் தகடு தெரிய இறுக்க வேண்டும், வயரும் குட்டையாக இருக்க வேண்டும். ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரும் பேட்டரி வயரும் ஒரே பக்கமாகப் போகிறதென்றால் ஒன்றை எதிர்ப்பக்கம் மாற்றுங்கள். அப்படியே பானட்டைத் திறந்து, பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் அந்தப் பேட்டரி வயரில் ஃப்யூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே பேட்டரி முனையிலிருந்து அந்த வயரைக் கழற்றிவிட்டு, ஃப்யூஸ் போட்ட பிறகு மாட்டுங்கள். வயர் எங்காவது உரசித் தகட்டில் பட்டால் தீப்பிடிக்கும்.

கேள்வி: புளூடூத்தா, பென்டிரைவா? எது நன்றாகக் கேட்கும்?
– வாசகி, ஈரோடு

பதில்: நல்ல ஃபைல் இருந்தால் பென்டிரைவ். புளூடூத் வழியில் பாட்டு பெரும்பாலும் இன்னொரு முறை சுருக்கப்படுகிறது. ஆனால் 128 கேபிபிஎஸ் என்று ஏற்கெனவே நிறையச் சுருக்கிய ஃபைலை 320 ஆக மாற்றி ஏற்றுவதில் பயனில்லை, போனது திரும்பி வராது. புளூடூத்தில் கேட்பதானால் போனின் வால்யூமைக் கிட்டத்தட்ட முழுதாக வைத்து, ஸ்டீரியோவில் கூட்டிக் குறையுங்கள். போனில் ஈக்வலைசர் போட்டிருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.