விடுதிக் குளியல்நீர் வடிகட்டிக்கு மானியம்: எங்கே, எவ்வளவு கேட்பது?

கேள்வி: நாங்கள் நால்வர், சிவில் பொறியியல் மூன்றாமாண்டு மாணவர்கள். விடுதிக் குளியலறை நீரைக் கொட்டாங்குச்சிக் கரியாலும் மணலாலும் வடிகட்டித் தோட்டத்துக்குப் பாய்ச்சும் அமைப்பொன்றை வரைந்திருக்கிறோம். மாதிரி செய்ய எங்கே நிதி கிடைக்கும்?

பதில்: உங்கள் நிலைக்கு முதலில் பொருந்துவது, தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் செயல்திட்ட உதவி. அது இறுதியாண்டு மாணவர்களுக்கானது என்பதால், இப்போதே வழிகாட்டிப் பேராசிரியரை முடிவு செய்துகொண்டு, அறிவிப்பு வரும்போது கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். தொகை சில ஆயிரம்தான். ஆயினும் பிளாஸ்டிக் டிரம்மிலும் குழாயிலும் முடியும் உங்கள் மாதிரிக்கு அது போதும் என்றே கருதுகிறேன். தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனத்தின் இன்னோவேஷன் வவுச்சர் என்ற நிதியுதவியின் 'ஏ' பிரிவில் 2 லட்சம் ரூபாய் வரையும், மத்திய அரசின் 'நிதி பிரயாஸ்' (NIDHI-PRAYAS) திட்டத்தில், புதுத் தொழில்களை வளர்த்தெடுக்கும் இன்குபேஷன் மையங்கள் வழியாக 10 லட்சம் ரூபாய் வரையும் கேட்கலாம். ஆனால் அவை விற்பனைக்குப் போகக்கூடிய பொருளை எதிர்பார்ப்பவை. கையில் ஓர் அளவீடுகூட இல்லாமல் அங்கே போவது வீண் அலைச்சல்.

மாணவர் விண்ணப்பங்களில் நான் அடிக்கடி காணும் குறை, பணம் முழுவதையும் பொருளுக்கே ஒதுக்கிவிட்டு நீர்ப் பரிசோதனைக்கு ஒன்றும் வைக்காமல் விடுவதுதான். வடிகட்டிய நீர் தெளிவாக இருக்கிறது என்பது சான்றாகாது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளிலுள்ள பொது அளவுகளின்படி, பாசனத்துக்காக நிலத்தில் விடும் கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (நீரிலுள்ள கரிம அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், BOD) லிட்டருக்கு 100 மில்லிகிராமையும், கரையாமல் நீரில் கலந்து நிற்கும் திடப்பொருள் 200 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. இந்த இரண்டு எண்களையும் உங்கள் இலக்காக எழுதி, வடிகட்டும் முன்னும் பின்னும் வாரம் ஒருமுறை நீர் மாதிரி எடுத்து, நீர்ப் பரிசோதனைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 3025 முறைப்படி சோதிக்கப்போவதாகச் சொல்லுங்கள். உயிர்வேதி ஆக்சிஜன் தேவைக்கான சோதனைக்கே 27 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 3 நாள் பிடிக்கும் என்பதால் கால அட்டவணையிலும் அதற்கு இடம் விடுங்கள்.

இன்னொன்று, மதிப்பீட்டாளர் நிச்சயம் கேட்பார்: சோப்பிலிருந்து வரும் சோடியத்தை என்ன செய்வீர்கள்? கரி அதைப் பிடிப்பதில்லை. தொடர்ந்து பாய்ச்சினால், குறிப்பாகக் களிமண் நிலத்தில், மண் இறுகி நீர் இறங்காமல் போகும். நல்ல நீருடன் மாற்றி மாற்றிப் பாய்ச்சுவதாகவோ, மண்ணையும் அவ்வப்போது சோதிப்பதாகவோ நீங்களே முந்திக்கொண்டு எழுதிவிடுவது நல்லது.

பணம் வந்தபின் பில்கள் அனைத்தையும் திட்டம் கோரும் பெயரில், ஜிஎஸ்டி எண்ணுடன் வாங்கி வையுங்கள். இறுதியில், பணம் உரிய வேலைக்கே செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டியிருக்கும்; பழைய இரும்புக் கடையில் வாங்கிய தொட்டிக்கு துண்டுச்சீட்டைக் காட்டினால் கல்லூரிக் கணக்குப் பிரிவு ஏற்காது.